"பெல்ட்ட எங்க கொண்டு கெட்டுவ?": ஆம்புலன்சில் பிள்ளைகளுக்காகச் செய்த ஒரு வேலை

தக்கலைப் பக்கம் எனக்கு ஒரு குஷன் கடை. கார் சீட், ஆட்டோ ஹூட், தார்ப்பாய், சர்ச்சுக்கு முழந்தாள் பலகை என்று எது வந்தாலும் ரெக்சினும் நூலும் போட்டுத் தைத்துக் கொடுப்பதுதான் 18 வருடத் தொழில். போன மழைக்காலத்தில் எங்கள் ஊர் மன்றத்து ஆம்புலன்சை ஓட்டுகிற அண்ணன் பிய்ந்துபோன ஸ்ட்ரெச்சர் பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போக வேண்டியவர், சாயா வாங்கிக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

முந்தின வாரம் காய்ச்சலில் ஜன்னி, அதாவது வலிப்பு வந்த இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிள்ளை அம்மா மடியில், அம்மா பக்கவாட்டு பெஞ்சில், ஸ்ட்ரெச்சர் காலி. வில்லுக்குறி தாண்டும்போது ஒரு பைக் குறுக்கே வர, பிரேக்கை மிதித்திருக்கிறார். எதிலும் இடிக்கவில்லை. தப்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தால் பிள்ளை அம்மா கையை விட்டு நழுவிப்போய் மருந்து அலமாரியின் மூலையில் நெற்றியை இடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறது. புளியங்கொட்டை அளவு வீக்கத்தோடு போயிற்று, ஆனால் இவருக்கு உறக்கம் போய்விட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு பெல்ட் தைத்துக் கொடு என்றார். இரண்டு நாளில் தருகிறேன் என்று நானும் வாய்விட்டேன். போகிறபோது வாசலில் நின்று, "தைக்கது பெருசில்ல மக்கா. அத எங்க கொண்டு கெட்டுவ?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில்தான், வேறெங்கே என்று சிரித்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் மடியில் இறுக்கிப் பிடித்தால் போதாதா என்று வீட்டிலேயே மைனி கேட்டார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி பத்தில் ஒரு நொடிக்குள் நின்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப்போல 14 மடங்கு விசையோடு முன்னால் போகும். 10 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 140 கிலோ. 50 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய மூன்று, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். எந்தத் தாய் கையும் அதைப் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று அவளைக் குறை சொல்லவும் முடியாது. மோதலே இல்லாத வெறும் சடன் பிரேக்கிலேயே 7, 8 கிலோ இழுப்பு வரும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக் கலங்கி உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதுவே எதிர்பாராதது. வில்லுக்குறியில் நடந்தது அதுதான்.

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு பார்க்கிற என்.ஹெச்.டி.எஸ்.ஏ 2012ல் ஆம்புலன்சில் பிள்ளைகளைக் கொண்டுபோவதற்கென்றே ஒரு பரிந்துரைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. மன்றத்தில் கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவன் எடுத்துப் படித்துச் சொன்னான். மடியில் வைக்காதே, கையில் பிடித்துக்கொண்டு போகாதே என்பது அதில் அடிப்படை. பக்கவாட்டில் பார்த்திருக்கிற பெஞ்சில் பிள்ளை இருக்கையை வைக்காதே என்பதும் இருக்கிறது. நம் ஊர் ஆம்புலன்ஸ்களில் பிள்ளைகள் போகிற இடமே அந்த பெஞ்சும் மடியும்தான்.

பெல்ட்டைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும், உயிருள்ள பிள்ளையை வைத்துப் பார்க்க முடியாது. காடாத் துணியில் ஒரு பொம்மை தைத்தேன். உள்ளே தேங்காய்ச் சவுரியும் மணலும். முதலில் தலையைச் சின்னதாகத் தைத்துவிட்டேன். மன்றத்தில் உதவிக்கு வருகிற நர்ஸ் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது பிள்ளையா, பெரிய மனுசனைச் சுருக்கி வச்சிருக்கியளா?" என்று கேட்டார். பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் கால்பங்கு தலைதானாம். இரண்டு மூன்று வயதிலும் பெரியவர்களை விட விகிதத்தில் தலை பெரிது, கனமும் மேல்பக்கம்தான். பிரித்து, தலையைப் பெரிதாக்கி, மணலைக் கூட்டினேன். மொத்தம் 12 கிலோ. ஒன்று முதல் பத்து வயது வரை வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் தோராய எடை வரும் என்று சிஸ்டர் சொன்ன வாய்ப்பாட்டின்படி அது இரண்டு வயசுப் பிள்ளை. பொம்மைக்குக் கடைப் பையன் ஒரு பெயரும் வைத்தான், இங்கே எழுதக்கூடிய பெயர் இல்லை.

முதல் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கம். ஸ்கூல் பேக்குக்குப் போடுகிற நாடா, ஸ்கூல் பேக்குக்குப் போடுகிற பிளாஸ்டிக் பக்கிள். பக்கத்து ரப்பர் ஷெட் உத்தரத்தில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி, ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், இரும்பு நிறுக்கிற தொங்கு தராசை வாடகைக்கு வாங்கி நடுவில் கோத்து இழுத்தோம். 60 கிலோ தாண்டவில்லை, பக்கிள் பட்டென்று தெறித்து கூரை ஓடு ஒன்றை உடைத்தது. அதற்கு அப்புறம் இழுக்கிறபோதெல்லாம் நடுவில் பழைய தார்ப்பாயை மடித்துத் தொங்கவிட்டு, ஆட்கள் தூணுக்குப் பின்னால் நின்றுதான் செயினை இழுத்தோம்.

நாடா விஷயத்தில் ஒரு எளிய சோதனை சொல்கிறேன், தையல் கடைக்காரர்களுக்கு உபயோகப்படும். கடையில் எல்லா நாடாவையும் "நைலான்" என்றுதான் விற்பார்கள். ஒரு துண்டை வெட்டி, கசக்கிக் காற்றை வெளியேற்றி, வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள். மேலே மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். சாமான் கட்டலாம், உயிரைக் கட்டக் கூடாது. மூழ்கினால் நைலானோ பாலியஸ்டரோ. நைலான் நனைந்தால் இளகும், நீளும், பிளீச்சிங் தண்ணீரும் அதற்கு ஆகாது. ஆம்புலன்சில் வாந்தியும் ரத்தமும் கழுவ அதே பிளீச்சிங்தான் என்பதால் பாலியஸ்டர்தான் சரி. கார் சீட் பெல்ட் பாலியஸ்டர்தான். அந்த நாடா 14.7 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,500 கிலோ தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அப்படிப்பட்ட நாடாவையே ஒரு சுருள் வாங்கினேன்.

இரண்டாவது பெல்ட் ஐந்து முனை: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று. நடுவில் இருக்கிற அந்த ஒன்றை முதலில் நான் போடவில்லை, பிள்ளைக்கு உறுத்துமே என்று. பொம்மையைக் கட்டி, ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் கீழே வருகிற மாதிரி செயின் பிளாக்கில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தோம். மணல் பொம்மை மெல்ல, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, இடுப்புப் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிக்கொண்டே வந்து, தோள் பட்டைகள் இரண்டும் கழுத்தில் போய் நின்றன. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அன்று ராத்திரியே நடுப்பட்டையைத் தைத்தேன்.

தையலுக்கு பாண்டட் பாலியஸ்டர் நூல், 22ஆம் நம்பர் ஊசி, சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி. நாடாவின் ஓரத்து இழையில் தையல் ஏறவே கூடாது, அங்கே ஊசி அறுத்தால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டின முனையை சால்டரிங் அயர்னால் உருக்கி விடவேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரிந்த வேலை, அதனால் தையல் 300 கிலோ வரைக்கும் அசையவில்லை. அசைந்தது வேறொன்று. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மூன்று கம்பிக் கொக்கியில் 180 கிலோவில் நாடா சத்தமில்லாமல் நாலு சென்டிமீட்டர் வழுகிவிட்டது. அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியவே தெரியாது, பெல்ட் முழுசாக இருக்கும், பிள்ளை மட்டும் உள்ளே தளர்ந்திருக்கும். சொரசொரப்பான கம்பி உள்ள கொக்கி மாற்றி, நாடாவின் வால் முனையை இரண்டு மடி மடித்துத் தைத்து கொக்கியை விட்டு உருவ முடியாதபடி செய்தேன்.

சரி, பெல்ட் ஆயிற்று என்று வண்டிக்குப் போனோம். அங்கேதான் அண்ணன் கேட்ட கேள்வி காத்துக்கொண்டிருந்தது.

பெல்ட்டை மெத்தையைச் சுற்றிக் கட்டினால் மெத்தையோடு பிள்ளை போகும், மெத்தை வெறும் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறது. அதனால் குழாய்ச் சட்டத்தில் கட்ட வேண்டும். சட்டம் ஸ்ட்ரெச்சரின் பாகம். ஸ்ட்ரெச்சரை வண்டியோடு பிடித்திருப்பது முன்பக்கம் ஒரு கொக்கி, பக்கத்தில் ஒரு பூட்டு. அந்தக் கொக்கி எதில் நிற்கிறது என்று தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பிளைவுட் பலகையில் நாலு மர ஸ்க்ரூ. அதில் ஒன்று கையாலேயே சுற்றியது. எந்த ஊரில் யார் பாடி கட்டினார்கள் என்பதெல்லாம் இப்போது எதற்கு, விடுங்கள். ஐரோப்பாவில் ஈ.என். 1789 என்கிற தரவிதிப்படி ஸ்ட்ரெச்சரும் அதன் பிடிப்பும் முன்னே பின்னே பக்கவாட்டில் 10 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். எங்கள் ஸ்ட்ரெச்சர் 40 கிலோ, படுத்திருக்கிறவர் 80 கிலோ என்று வையுங்கள், 1,200 கிலோ இழுப்பு. நாலு மர ஸ்க்ரூ! நான் 300 கிலோவுக்குத் தைத்து என்ன செய்ய? இவ்வளவு நாள் இந்த வண்டியில் பெரியவர்கள் போய்வந்ததே புண்ணியம்.

தரை வேலைக்கு எங்கள் தெருமுனையில் இருக்கிற வெல்டிங் பட்டறை மாமாவைக் கூப்பிட்டேன். அவர் சொன்னபடி தரைத் தகட்டுக்கு அடியில் 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை, வண்டியின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, எம்10 அளவு 8.8 கிரேடு போல்ட் நாலு. அந்த போல்ட் ஒன்றே மூன்று டன்னுக்கு மேல் இழுப்பு தாங்கும். துளை போடுவதற்கு முன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தது நல்லதாயிற்று. நான் மேலே சாக்பீசால் குறித்திருந்த மூன்றாவது புள்ளிக்கு நேர் கீழே பிரேக் பைப் போகிறது. இரண்டு விரல் தள்ளிப் போட்டோம். துளையின் ஓரமெல்லாம் துத்தநாகப் பெயிண்ட், அதன்மேல் சீலன்ட். குளச்சல், முட்டம் பக்கம் தினமும் போகிற வண்டி, கடல் காற்று ஒரு வருடத்தில் பச்சை இரும்பைத் தின்றுவிடும். இறுக்கி முடித்ததும் போல்ட் தலைக்கும் தட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டோம். போல்ட் இளகினால் கோடு விலகும், வண்டி கழுவுகிற பையனுக்கே தெரியும்.

இந்த வேலைக்கு நடுவில்தான் ஒரு நல்ல விஷயம் பிடிபட்டது. ஆம்புலன்சில் நோயாளியின் தலை டிரைவர் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். மல்லாக்கப் படுக்க வைத்துக் கட்டினால், வண்டி முன்னால் இடிக்கும்போது உடம்பு தலைப்பக்கமாக நழுவும், மொத்தப் பாரமும் தோள் பட்டையில். ஸ்ட்ரெச்சரின் முதுகுப் பலகையைத் தூக்கிச் சாய்வாக உட்காரவைத்தால் பிள்ளை பின்கதவைப் பார்த்து இருக்கும். இடிக்கிறபோது முதுகும் தலையும் பலகையில் பதியும். விசை முதுகு முழுக்கப் பரவிப் போய்விடும். கைக்குழந்தைகளைக் காரில் பின்னோக்கிய சீட்டில் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். அப்படியானால் முதுகுப் பலகையைத் தூக்கி நிறுத்துகிற பல்சட்டம் நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையே மடிந்து படுத்துவிடும். எங்களதில் இரண்டு பல் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. புதிது வர மூன்று வாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் தோட்டத்து உள்பாதையில், பின்னால் ஆள் யாரும் ஏறாமல், பொம்மையைக் கட்டிப் போனை அலமாரியில் ஒட்டி வீடியோ ஓடவிட்டு, 40 கிலோமீட்டரில் போய் அண்ணன் பிரேக்கை ஏறி மிதித்தார். பொம்மை முதுகுப் பலகையில் ஒரு அமுங்கு அமுங்கித் திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஆனால் வீடியோவில் இன்னொன்று தெரிந்தது. பெஞ்சில் வைத்திருந்த, சளி உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் மெஷின் பறந்துபோய், மடியில் பிள்ளை இருந்திருந்தால் அதன் தலை இருந்திருக்கக்கூடிய இடத்தில் மோதியது. அன்று சாயங்காலமே அதற்கு ரெக்சின் பையும் இரண்டு பட்டையும் தைத்து அலமாரிச் சட்டத்தில் பிடித்தேன்.

எல்லாம் முடிந்து அண்ணன் பாராட்டினார், மன்றத்தில் பொன்னாடை போடுகிற அளவுக்குப் பேச்சு வந்தது. சிஸ்டர்தான் குறுக்கே விழுந்தார். உத்தரத்தில் மெல்ல மெல்ல இழுத்து 300 கிலோ தாங்கியது சரி, நிஜ மோதல் ஒரு நொடிக்குள் நடப்பது, அந்த மாதிரி திடீர் இழுப்பில் சோதித்துப் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை, அந்த வசதி என்னிடம் இல்லை. மனசுக்கு ஒருமாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. பிள்ளையைப் பிடிக்கிற பெல்ட்டை மட்டும் மோதல் சோதனைச் சான்றிதழோடு வருகிறதாக வாங்குவது என்று முடிவானது. ஃபெர்னோ என்கிற கம்பெனியின் பெடி-மேட் போல, ஸ்ட்ரெச்சரில் கட்டுகிற ஐந்து முனைப் பெல்ட்டுகள் இதற்கென்றே வருகின்றன. பெடி-மேட் 4.5 முதல் 18 கிலோ வரையிலான பிள்ளைகளுக்கு. அதில் ஒன்றை மன்றம் வாங்கியது. நான் தைத்தது இப்போது புது ஆட்களுக்குக் கட்டப் பழக்கிக் கொடுக்க, பொம்மையின்மேல் இருக்கிறது. நான் செய்ததில் வண்டியில் நிஜமாக வேலை செய்வது தரை போல்ட்டும், சாமான் பட்டைகளும், பெஞ்சில் அம்மாவுக்குப் போட்ட இடுப்புப் பெல்ட்டும்தான். 4.5 கிலோவுக்குக் கீழே உள்ள பச்சைக் குழந்தையை நாங்கள் ஏற்றுவதே இல்லை, 108ஐக் கூப்பிட்டுவிடுவோம், அவர்களிடம் இன்குபேட்டரோடு வண்டி இருக்கிறது.

அம்மாமார்களைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை. முதல் தடவை, குலசேகரத்திலிருந்து ஒரு பாட்டி, "பிள்ளைக்கு மேலு தீயா கொதிக்கு, நீங்க கெட்டிப் போடுதிய" என்று கத்திவிட்டார். கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரித்தானே தெரியும். இப்போது அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறார். பிள்ளை பின்கதவைப் பார்த்து உட்காருவதால் அம்மாவை பெஞ்சின் பின்முனையில், கால்பக்கமாக உட்காரவைக்கிறார். பிள்ளைக்கு அம்மா முகம் நேராகத் தெரியும், அவள் கை பிள்ளையின் காலைத் தொடும். அழுகை பாதி குறைந்துவிடும். போர்வையை மட்டும் பெல்ட் மாட்டின பிறகு மேலே போடச் சொல்வார். உள்ளே போர்த்திவிட்டு மேலே கட்டினால் இறுக்கமாகத் தெரியும், இடிக்கும்போது போர்வை அமுங்கிப் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். தோள்பட்டை எலும்புக்கு மேலே பட்டையைக் கிள்ளிப் பார்க்க வேண்டும், கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது.

ஜன்னி வந்தால் பிள்ளையை ஒருக்களிக்கத் திருப்பவேண்டும், வாந்தி மூச்சில் போய்விடக் கூடாது. இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நடுப் பொத்தானை அமுக்கினால் ஐந்து பட்டையும் ஒரே நேரத்தில் கழன்றுவிடும்; அண்ணன் ஓரமாக வண்டியை நிறுத்துவார், சிஸ்டர் திருப்புவார். ஓடுகிற வண்டியில் கழற்றுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்கள். சடன் பிரேக்குக்கு பயந்து கட்டிவிட்டு, மூச்சுத் திணற விடுவதற்கா இவ்வளவும்? அதனால் சிஸ்டர் இல்லாமல் ஜன்னிக் கேஸ் எடுப்பதை அண்ணன் விட்டுவிட்டார்.

போன மாதம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி ஆஸ்பத்திரிக்கு நாலு வயசுப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோனார்கள், மூச்சு இழுப்புதான், உட்கார்ந்தே போகிற நிலை. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறுவதற்குள் அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கத் தெரிந்துகொண்டாள். அமுக்குவாள், சிஸ்டர் மாட்டுவார், களியக்காவிளை போகும்வரை நாலு தடவை. திரும்பி வந்ததும் அண்ணன் பொத்தானுக்கு மேலே ரெக்சின் மூடி தைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அவசரத்தில் சிஸ்டர் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார் என்றேன். கையை வேறு எதிலாவது மாட்டிவிட வேண்டியதுதான். மிச்சமிருந்த காடாத் துணியில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு சின்னப் பொம்மை தைத்து, மணல் போடாமல் பஞ்சு மட்டும் அடைத்து, நாலு விரல் நாடாவில் ஸ்ட்ரெச்சர் கைப்பிடியோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதையும் எங்கே கட்டுவது என்று அண்ணன் இந்தத் தடவை கேட்கவில்லை.